கப்பல் நேரத்தில் ஓடிய லேப்டாப்

இரண்டு வாரம் முன்னால் ஒரு நாள். காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. சமையலை முடித்துவிட்டு, இந்தப் பத்திக்கு என்ன எழுதலாம் என்று ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிப்பது என்றால்... கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பது. எழுதுகிறவர்களுக்குப் புரியும்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். எங்கள் மாடி வீட்டு நூர்ஜகான். அவள் மெதுவாக இறங்கினால் காய்கறிக்காரர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். வேகமாக இறங்கினால் ஏதோ ரிப்பேர்.

அன்றைக்கு வேகமாக இறங்கினாள்.

“அக்கா, செத்த மேல வாயேன். லேப்டாப்பு ரொம்ப பேஜாரு பண்ணுது. புள்ள அழுதுகினு கீது.”

துறைமுகத்துப் பக்கம், சரக்குக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தருகிற ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பல வருஷம் டைப் அடித்தவள் நான். அந்த ஒரு பாவத்துக்காக, ராயபுரத்தில் எங்கள் தெருவில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த அக்கா என்று பெயர். கேஸ் புக்கிங்கிலிருந்து பி.எஃப். வரைக்கும் என்னிடம்தான் வரும். சலித்துக்கொள்வேன். ஆனால் யாராவது என்னை விட்டுவிட்டு வேறு யாரிடமாவது போய்க் கேட்டால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். மனுஷ ஜென்மம் இல்லையா?

மேலே போனேன். நூர்ஜகானின் மகள் ஷமீமா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. ப்ளஸ் டூ முடித்த பெண். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து லாக் செய்ய வேண்டும். அன்று மாலை ஐந்து மணியோடு கதவு சாத்திவிடுவார்கள். லாக் செய்யாவிட்டால் இந்தச் சுற்றில் சீட் கிடையாது. அடுத்த சுற்றில் அவள் ஆசைப்பட்ட காலேஜில் இடம் மிச்சமிருக்குமா? யாருக்குத் தெரியும்!

என்னதான் பிரச்சினை என்று கேட்டேன். செய்தே காட்டினாள். பாஸ்வேர்டு போட்டாள். போனுக்கு ஓ.டி.பி. வந்தது. அதைப் போட்டதும் சைட் திறந்தது. முதல் காலேஜைச் சேர்த்து ‘சேவ்’ அழுத்தினாள். அவ்வளவுதான்... உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி லாக்-இன் செய்யவும் என்று வெளியே தள்ளிவிட்டது. நுழைந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து இதே கதையாம்.

போனில் செய்யலாமே என்றேன். போனில் அந்தப் பக்கம் பாதிதான் தெரிகிறது, ‘சேவ்’ பட்டனே காணோம் என்றாள். பிரவுசிங் சென்டர்? போன வருஷம் ஒரு பெண்ணின் பாஸ்வேர்டைத் திருடி, அவள் போட்ட வரிசையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு. உண்மையோ பொய்யோ, நூர்ஜகான் அந்த வாசலை மிதிக்க விடமாட்டாள். சரி, என் லேப்டாப்பைக் கொண்டுவரலாமென்றால் அது நான் குடிக்க வைத்திருந்த டீயைத் தான் குடித்துவிட்டு சர்வீஸ் சென்டரில் படுத்திருக்கிறது.

ஆகவே, இதையேதான் சரி செய்தாக வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும், பிரவுசர் மக்கர் செய்தால் நாம் எல்லோரும் ஒரே மந்திரத்தைத்தான் சொல்வோம். மூடித் திற. வரவில்லையா? ஹிஸ்டரியை அழி. குக்கியை அழி. அப்புறம் ரீஸ்டார்ட். எல்லாம் செய்தேன். பாப்-அப்பைத் தடுக்கிற ஏதோ ஒன்று இருந்தது, அதைப் பிடுங்கினேன். ‘இது நம்பகமான தளம்’ என்று அந்த சைட்டை லிஸ்ட்டில் சேர்த்தேன். வேறு ஒரு பிரவுசரை இறக்கிப் பார்த்தேன். அதுவும் அதே வேகத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது.

“நெட்டுதான் ஸ்லோவா இருக்கும்” என்றேன். எதுவும் புரியாதபோது நெட்டின் மேல் பழி போடுவது எங்கள் ஆபீஸ் பழக்கம். அதற்கு வாயா இருக்கிறது, திருப்பிக் கேட்க?

இதற்கு நடுவில் பதினொன்றரை மணி ஆகியிருந்தது. நூர்ஜகான் டீ போட்டு எடுத்து வந்தாள். சோறு சாப்பிடப் போகிற நேரத்தில் எவளாவது டீ குடிப்பாளா? இவள் குடிப்பாள். கொஞ்ச நாளாகவே பார்க்கிறேன், பதினொன்றரைக்கு ஒரு டீ. வயிறு கெட்டுப் போகும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதில்லை. அன்றைக்கும் சொன்னேன். சிரித்துக்கொண்டே குடித்தாள்.

டீயைக் குடித்தபடி அவள் ஒன்று சொன்னாள். வீட்டுக்காரர் போன தடவை ஆப்பிரிக்கா பக்கம் இருந்தபோது லேப்டாப் ஒழுங்காக ஓடியதாம். அவர் கொரியா பக்கம் போனதிலிருந்துதான் இந்தத் தொல்லையாம். கரன்ட் பில் கட்டப் போனாலும் வெளியே தள்ளுகிறது, பேங்க்கும் தள்ளுகிறது என்றாள்.

அவள் வீட்டுக்காரர் சாதிக் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். குழாய் உடைந்தால் வெல்டிங் வைப்பது, வால்வு கசிந்தால் அடைப்பது... அந்த வேலை. ஏறினால் ஒன்பது மாதம். இறங்கினால் இரண்டு மாதம் வீட்டில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏண்டி, கப்பல் எங்க போனா லேப்டாப்புக்கு என்ன? அது என்ன கயிறு கட்டியா இழுத்துக்கிட்டுப் போகுது?” என்று கேட்டேன். ஷமீமாகூட அழுகைக்கு நடுவில் சிரித்தாள். நூர்ஜகான் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

மறுபடி மந்திரம். மறுபடி ஓ.டி.பி. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இத்தனை வருஷம் கஸ்டம்ஸ் சைட்டோடு மல்லுக்கட்டியவள் நான்... ஒரு காலேஜ் சைட் என்னைத் துரத்துவதா?

அப்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கு வாட்ச் தேவையில்லை. எந்த மதமானாலும் பாங்குச் சத்தத்தை வைத்துத்தான் குக்கரை இறக்குவோம், பால் வாங்கக் கிளம்புவோம். மணி என்ன ஆயிற்று என்று லேப்டாப்பின் மூலையைப் பார்த்தேன். நாலு பத்து.

“ஐயையோ... அஸர் பாங்கா இது? அஞ்சு மணிக்கு இன்னும் அம்பது நிமிஷம்தான் இருக்கு!”

நூர்ஜகான் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இது லுஹர் பாங்கு, நாம் இன்னும் மத்தியானச் சோறே சாப்பிடவில்லை என்றாள். என் போனை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. மறுபடி லேப்டாப். நாலு பத்து. மறுபடி போன்.

யார் இந்த மணியை மாற்றியது?

“நாந்தாங்க்கா” என்றாள் நூர்ஜகான். “அது அவரு டைம்.”

ஷமீமாவும் அது ஒன்றும் புதுசில்லை என்பது போல, ஆமாம் ஆன்ட்டி, அது அத்தா டைம் என்றாள். நேற்றிலிருந்து அந்தப் பெண் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறாள். மூலையில் இருக்கிற மணி அவள் கண்ணில் படாமல் இல்லை. அந்த வீட்டில் அது தப்பான மணியே இல்லை. அப்புறம் எப்படிச் சொல்வாள்?

மெல்ல மெல்லக் கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். கப்பல் கிழக்கே போகப் போகக் கடிகாரத்தை முன்னால் தள்ள வேண்டும். மேற்கே வந்தால் பின்னால். இன்று இரவு ஒரு மணி நேரம் தள்ளுகிறோம் என்று கப்பலில் அறிவிப்பார்களாம். இந்த லேப்டாப் முன்பு சாதிக்கோடு கப்பலில் இருந்தது. அவர் கேபின் கடிகாரத்தைத் திருகும்போது லேப்டாப்பிலும் கையால் மணியை மாற்றிக்கொள்வார். லேப்டாப்பில் போட்டிருக்கிற ஊரை மாற்றுவதில்லை, தானாக நேரம் பிடிக்கிற வசதியையும் என்றைக்கோ நிறுத்தி வைத்துவிட்டார். புதுசு வாங்கிக்கொண்டு இதை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பழக்கமும் லேப்டாப்போடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து லேப்டாப் ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது, சமையல்கட்டைப் பார்த்தபடி. ஷமீமாவுக்கு வேலையிருந்தால் மட்டும் மேஜைக்கு இறங்கும். வாட்ஸ்அப்பில் ‘இன்று ஒரு மணி முன்னால்’ என்று அவர் ஒரு வரி அனுப்புவார். இவள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று ஒரு மணி நேரம் தள்ளி வைப்பாள். அவர் சொல்லாமல் அந்த மணியைத் தொட்டதே இல்லையாம்.

சில நாள் கப்பலில் நெட் இருக்காது, பேச முடியாது. ஆனால் மணி பார்த்தால் போதும். இப்போது சாப்பாட்டுக்கு இன்ஜின் ரூமிலிருந்து மேலே ஏறி வந்திருப்பார். இப்போது குளிப்பார். இப்போது படுத்திருப்பார். கப்பலில் மூன்று மணிக்கு டீ.

அங்கே மூன்று மணி என்றால் இங்கே பதினொன்றரை.

வயிறு கெட்டுப் போகும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த டீ. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில்தான்.

இப்போது அந்த சைட் ஏன் வெளியே தள்ளியது என்று சொல்லிவிடுகிறேன், உங்களில் யாருக்காவது உதவும். நாம் ஒரு சைட்டில் நுழைந்ததும் அது நம் பிரவுசரிடம் ஒரு சீட்டு கொடுக்கும். குக்கி என்கிறோமே, அதுதான். துறைமுக கேட்டில் லாரிக்குக் கொடுக்கிற பாஸ் மாதிரி. இந்த மணி வரைக்கும் செல்லும் என்று அதில் போட்டிருக்கும். பன்னிரண்டு நாற்பதுக்கு உள்ளே போனால் ஒரு மணி வரைக்கும் செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசர் அதை வாங்கித் தன் கடிகாரத்தைப் பார்க்கும். மணி நாலு பத்து! இது எப்போதோ காலாவதியான சீட்டு என்று தூக்கிக் குப்பையில் போட்டுவிடும். சீட்டு இல்லாத ஆளை சைட் விடுமா?

ஆப்பிரிக்கா பக்கம் இருந்தபோது ஏன் தொல்லையில்லை? அங்கே நேரம் நமக்குப் பின்னால். சீட்டு காலாவதி ஆக இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று பிரவுசர் நம்பிக்கொண்டிருந்திருக்கும். ஆக, நூர்ஜகான் சொன்னதுதான் சரி. கப்பல் கயிறு கட்டித்தான் இழுத்திருக்கிறது. நான்தான் சிரித்தேன்.

வைத்தியம் ரொம்பச் சின்னது. மணியைச் சரி செய்தால் போதும். ஒரு பட்டனைத் தள்ளினால் தானாக நம் ஊர் நேரம் வந்துவிடும். மௌஸைக் கொண்டுபோய் அந்தப் பட்டன் மேல் வைத்தேன். அழுத்த முடியவில்லை. நூர்ஜகானைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. போனில் கடைசியாக வந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணியை மாற்று என்று அவர் சொல்லவில்லை. கேட்கவும் முடியாது, நேற்று காலையிலிருந்து கப்பலில் நெட் இல்லை. ஷமீமா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு வேண்டியதோ அந்த சீட்.

“மாத்துக்கா” என்றாள் நூர்ஜகான். “புள்ள படிப்பு.”

சொல்லிவிட்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அழுத்தினேன். நாலேகால் என்று இருந்த மணி சட்டென்று பின்வாங்கியது... பன்னிரண்டே முக்கால். ஷமீமா பாஸ்வேர்டு போட்டாள், ஓ.டி.பி. போட்டாள், முதல் காலேஜ், சேவ். தள்ளவில்லை. இரண்டாவது. தள்ளவில்லை. நாங்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றரை மணிக்கு மொத்த வரிசையும் லாக் ஆனது. அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வியர்வை நாற்றம், விட்டுத் தொலை என்றேன். விடவில்லை.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. இவ்வளவு செய்தவள், அதையும் செய்துவிடுவோமே? விண்டோஸில் இரண்டாவது கடிகாரம் ஒன்று வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. கொரியா நேரத்தை அதில் சேர்த்தேன். மூலையைத் தொட்டால் நம் மணி, அதற்குக் கீழே அவர் மணி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். நூர்ஜகானைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். இனிமேல் சைட்டும் தள்ளாது, அவர் நேரமும் போகாது.

அவள் குனிந்து பார்த்தாள்.

“வேணாங்க்கா, எடுத்துடு” என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

“இத்தினி நாளு அவருக்கு இன்னா மணின்னுதான் தெரிஞ்சிச்சி. இப்ப எவ்ளோ தூரத்துல கீறாருன்னு தெரியுது.”

அந்த இரண்டாவது கடிகாரத்தை எடுத்துவிட்டேன்.

மறுநாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். முதல் நாள் ஷமீமாவின் வெற்றிக்காக நூர்ஜகான் செய்து அனுப்பிய சேமியா பாயசப் பாத்திரம். ஹாலில் மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தைக் காணோம். வெள்ளையாக ஒரு வட்டமும் ஆணியும்தான் இருந்தன. கடிகாரம் சமையல்கட்டில், ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நின்றது. மூன்றரை மணி நேரம் முன்னால். அதில் பாஸ்வேர்டும் கிடையாது, குக்கியும் கிடையாது. முள்ளைத் திருகினால் நகரும்.

பக்கத்தில் அவள் டீ வைத்திருந்தாள். எனக்கும் ஒன்று ஊற்றச் சொன்னேன்.

நம்பகமான சைட் என்கிறார்கள். நம்பிக்கையைச் சரிபார்க்கிற விதம் என்ன? உன் கடிகாரமும் என் கடிகாரமும் ஒரே மணியைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது. காட்டவில்லையென்றால் ஆளையே வெளியே தள்ளிவிடுவது. மெஷினுக்கு அதுதான் தெரியும். இங்கே ஒருத்தி, மணி எவ்வளவு தள்ளிப் போனாலும் பரவாயில்லை என்று கூடவே முள்ளைத் திருகிக்கொண்டு போகிறாள். ஒன்பது மாதம்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நேற்று மதியம் நூர்ஜகான் மறுபடி இறங்கி வந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. கப்பல் சரக்கை ஏற்றிக்கொண்டு மேற்கே திரும்பிவிட்டதாம். ‘ஒரு மணி பின்னால்’, ‘ஒரு மணி பின்னால்’ என்று பத்து நாளாக அவ்வப்போது மெசேஜ் வருகிறதாம். இப்போது இலங்கைக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கடிகாரத்துக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம்.

சென்னைக்கு வருமா என்று கேட்டேன். வராது. இப்படியே வளைகுடாவுக்குப் போகிறது. இன்னும் இரண்டு நாளில் மணி நமக்குப் பின்னால் போய்விடும். அவர் இறங்க இன்னும் நாலு மாதம்.

அவள் என்னைத் தேற்றுகிற மாதிரி சிரித்தாள்.

“அரை மணிதானேக்கா. மணலிக்குப் போயிருக்காருன்னு நெனைச்சிக்கிறேன்.”

என் வீட்டுக்காரர் தினமும் அரை மணி தூரத்திலிருக்கிற அந்த மணலிக்குத்தான் போகிறார். அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. காலையில் பஸ் ஏறினால் எப்போது வருவார்? கன்டெய்னர் லாரிகள் எப்போது வழி விடுகின்றனவோ அப்போது. வந்தால் சோறு, வராவிட்டால் மூடி வைப்பேன். இத்தனை வருஷத்தில் அவர் எத்தனை மணிக்கு டீ குடிப்பார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நேற்று சாயங்காலம் ஆறரையிலிருந்து ஹாலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழே முக்காலுக்கு உள்ளே வந்த மனுஷர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்னாச்சு... பேட்டரி தீர்ந்துபோச்சா?” என்று கேட்டார்.